டொராண்டோவில் குடும்பத்துக்கு முதல் கார்: சிறிய எஸ்யூவி வாங்குமுன்

முதல் குளிர்காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நின்றாலே கார் வாங்கும் எண்ணம் வந்துவிடும். நம் கைக்கு எட்டும் விலையில் கியா செல்டோஸ், ஹூண்டாய் கோனா, வென்யூ, நிஸ்ஸான் கிக்ஸ், டொயோட்டா கொரோலா கிராஸ் என்று நிறைய இருக்கின்றன. வண்டியைப் பிடித்துப்போகும் முன் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். மாடல், வருடம், உங்கள் வீட்டுப் போஸ்டல் கோடு மூன்றையும் சொன்னால்தான் சரியான தொகை கிடைக்கும். ஸ்கார்பரோ, பிராம்டன் முகவரிகளுக்குப் பிரீமியம் அதிகம். ஊரில் வண்டி ஓட்டிய அனுபவத்துக்கு, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திடமிருந்து கடிதம் வாங்கி வையுங்கள். முழு லைசென்ஸ் எடுக்கும் ஜி டெஸ்டுக்கு உதவும்; சில இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அதைக் கணக்கில் எடுக்கும்.

அப்புறம், டெஸ்ட் டிரைவுக்குக் குழந்தையின் சீட்டையும் கொண்டுபோங்கள். எல்லோரும் முன்னால் உட்கார்ந்து திரையைத் தட்டிப் பார்க்கிறார்கள். குடும்ப வண்டியைப் பின்சீட்டில்தான் எடைபோட வேண்டும். கைக்குழந்தையின் சீட் பின்பக்கம் பார்த்தபடி மாட்டப்படும். அதை மாட்டிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சின்ன வண்டிகளில் முன்சீட்டை நன்றாக முன்னே தள்ள வேண்டிவரும், உயரமானவருக்கு முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். இரண்டு குழந்தை சீட்டுக்கு நடுவே பாட்டியும் உட்கார வேண்டிய வீடு என்றால், இந்த அளவு வண்டி பெரும்பாலும் சரிப்படாது. அதே பணத்துக்குச் சற்றுப் பெரிய எஸ்யூவிகளான டொயோட்டா ராவ்4 அல்லது ஹோண்டா சிஆர்வி பழையதாகப் பார்ப்பது நல்லது. ஊரிலிருந்து கொண்டுவந்த குழந்தை சீட்டை இங்கே பயன்படுத்தக் கூடாது. மேப்பிள் இலை முத்திரையுள்ள கனடியப் பாதுகாப்புக் குறி அதில் இருக்க வேண்டும்.

நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் ஏடபிள்யூடி வேண்டுமா? செல்டோஸில் உண்டு, வென்யூவில் கிடையாது. பனியில் வண்டியைக் கிளப்ப அது உதவும். பிரேக் பிடிக்கும்போது உதவாது. வண்டியை நிறுத்துவது டயர்தான். 7 டிகிரிக்குக் கீழே ஆல்-சீசன் டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்புக் குறையும். பட்ஜெட் இடித்தால் ஏடபிள்யூடியை விட்டுவிட்டு விண்டர் டயர் வாங்குங்கள் என்பேன். ஒன்டாரியோவில் அதற்கு இன்சூரன்ஸிலும் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்டி என்றால் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சாலையில் கொட்டும் உப்பு கதவின் கீழ் ஓரத்தையும் சைலன்சர் குழாயையும் அரித்துவிடும். வண்டியின் பழைய விபத்து விவரங்களைக் காட்டும் கார்ஃபாக்ஸ் அறிக்கையைப் பார்த்தபின், விற்பவரோடு சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சேஃப்டி சர்டிபிகேட் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு வண்டி குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. தனியாரிடம் வாங்கினாலும் 13% வரி உண்டு.

டீலரிடம் பேசும்போது, இரண்டு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று சொல்வார்கள். வருடத்துக்கு 26 தவணை. 230 டாலர் வீதம் 7 வருடம் கட்டினால் 41,860 டாலர். வரி, வட்டி எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை எழுதிக் கேளுங்கள். ஒன்டாரியோவில் டீலரிடம் கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்க அவகாசம் கிடையாது. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடாத டீலரிடம் வாங்கவே வேண்டாம்.