ராக்கெட் துண்டு விழுந்து கிடக்கிறதா? கிட்டே போவதற்கு முன்

2024 ஜூன் 22 அன்று சீனாவின் சிசாங்கிலிருந்து கிளம்பிய லாங் மார்ச் 2சி ராக்கெட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. செயற்கைக்கோள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, எரிந்து முடிந்த அடிப்பகுதி மட்டும் குய்சோ மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பக்கம் செம்மஞ்சள் புகையைக் கக்கிக்கொண்டே வந்து விழுந்தது. அந்த வீடியோவில் ஜனங்கள் ஓடுகிறார்கள், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகும் என்றுதான் பலரும் பதறினார்கள். தலையில் விழுவது அபூர்வம். விழுந்த பிறகு வேடிக்கை பார்க்கக் கிட்டே போகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுவதெல்லாம் கடல் மேல்தான் போகிறது, துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கை மேல் பறக்கக் கூடாது என்பதற்காகவே வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு ஆகும் எரிபொருளைச் சின்ன ராக்கெட் தாங்காது என்பதால்தான் குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளம். ஆனால் சுற்றுப்பாதையிலிருந்து திரும்பி விழுவதற்கு எல்லை கிடையாது. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிய உலோக வளையம் ஒன்று வந்து விழுந்தது, சீன ராக்கெட்டின் மிச்சம் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். நம்முடையதும் சும்மா இல்லை: 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டம்.

அங்கே நடந்ததைக் கவனியுங்கள். போலீஸ் வந்தது, சுற்றிலும் ஆளை நிறுத்தியது, தீயணைப்புத் துறையும் ரசாயன நிபுணர்களும் பார்த்து ஆபத்தில்லை என்று சொல்லும் வரை யாரையும் நெருங்க விடவில்லை. நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான், போலீஸ் வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்கு.

முதலில் காற்றைப் பாருங்கள். ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். துண்டுக்குக் கிட்டே போகாமல் சுற்றிக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போங்கள், பள்ளத்தில் இறங்காதீர்கள், ஏனென்றால் ராக்கெட்டில் மிச்சமிருக்கும் எரிபொருளிலிருந்து கிளம்பும் வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, தாழ்ந்த இடத்தில் தேங்கும். செம்பழுப்புப் புகை தெரிந்தால் அது நைட்ரஜன் டெட்ராக்சைடிலிருந்து, அதாவது எரிபொருளை எரிய வைக்கும் திரவத்திலிருந்து, வருவது. அழுகிய மீனும் அம்மோனியாவும் கலந்த மாதிரி நாற்றம் வந்தால் ஹைட்ரசின் வகை எரிபொருள், மூக்குக்குத் தெரிகிற அளவே அதிகம், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். இரண்டும் சீன ராக்கெட்டில் மட்டும் இருப்பவை என்று நினைக்க வேண்டாம், பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தை ஓட்டும் விகாஸ் எஞ்சினுக்கும் இந்த ஜோடிதான் தீனி.

செம்பழுப்புப் புகையில் ஒரு வஞ்சகம் உண்டு. சுவாசித்தவருக்குக் கொஞ்சம் இருமல், கண் எரிச்சல், அப்புறம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும்; பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். 1975ல் அப்பல்லோ-சோயுஸ் பயணம் முடித்து இறங்கிய மூன்று அமெரிக்க விண்வெளி வீரர்கள் கடைசி நிமிடங்களில் இதே வாயுவைச் சுவாசித்துவிட்டார்கள். எல்லாம் தெரிந்தவர்கள், பக்கத்திலேயே மருத்துவர்கள், அப்படியும் ஹொனலுலுவில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே புகை பட்டவரை "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டுக்குப் போக விடாதீர்கள். ராக்கெட் எரிபொருள் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்துமா மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

புகையே இல்லையா? அப்போதும் தொட வேண்டாம். கறுப்பு நூல் சுற்றிய உருண்டையோ பளபளக்கும் உலோகப் பந்தோ கிடந்தால் அது அழுத்தக் கலன், உள்ளே வாயு மிச்சமிருந்தால் சுத்தியல் பட்டதும் வெடிக்கும். உடைந்த கார்பன் நார் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பாகக் கையில் ஏறும். காயலான் கடைக்குத் தூக்கிப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆபத்து ஒரு பக்கம், விண்வெளிப் பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிய 1968ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தப்படி அது ஏவிய நாட்டின் சொத்து, கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

தள்ளி நின்று போனில் ஜூம் செய்து படம் எடுங்கள், எழுத்தோ எண்ணோ தெரிந்தால் அதையும். விழுந்த நேரம், இடம் இரண்டையும் குறித்துக்கொண்டு 112க்கு அழையுங்கள். மீனவர்களுக்குக் கடலோரக் காவல் குழுமத்தின் 1093 இருக்கிறது. வலையில் உருளை மாட்டினால் படகில் ஏற்றாதீர்கள். வலை போனால் போகட்டும் என்று சொல்வது எனக்குச் சுலபம், வலை விலை எனக்கும் தெரியும், இருந்தாலும் அறுத்துவிடுவதுதான் சரி.

மண், தண்ணீர் விஷயத்தில் அவசரப்பட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் விஷம் கிணற்றுக்குத்தான் போகும். ஹைட்ரசின் வகையில் ஒன்று சிதையும்போது என்டிஎம்ஏ என்ற பொருள் உண்டாகிறது, புற்றுநோய் வரவழைக்கக் கூடியது, தண்ணீரில் சுலபமாகக் கரையும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்துச் சொல்லும் வரை அந்தப் பக்கத்துக் கிணற்று நீர் வேண்டாம், ஆடு மாடு மேய்க்க வேண்டாம்.

முழு ராக்கெட்டே எரிபொருளோடு பக்கத்தில் விழுந்தால் கதை வேறு. 2013 ஜூலையில் கஜகஸ்தானின் பைக்கோனூர் ஏவுதளத்தில் ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட் கிளம்பிய சில விநாடிகளில் கவிழ்ந்தது, காரணம் சென்சார்களைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள்! அந்த மாதிரி விஷ மேகம் கிளம்பினால் வெளியே ஓடாமல் வீட்டுக்குள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பதே மேல்.

கடைசியாக நஷ்டஈடு. விண்வெளிப் பொருள்களால் வரும் சேதம் பற்றிய 1972ம் ஆண்டு சர்வதேசப் பொறுப்பு ஒப்பந்தப்படி தரையில் ஏற்பட்ட சேதத்துக்கு, தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே ஏவிய நாடு பணம் கொடுக்க வேண்டும். சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் கனடாவில் விழுந்ததற்கு 30 லட்சம் கனடிய டாலர் வந்தது. ஆனால் கேட்க வேண்டியது உங்கள் அரசு, நீங்கள் நேராகக் கேட்க முடியாது, அதற்கும் ஒரு வருடம்தான் கெடு. சொந்த நாட்டு ராக்கெட் விழுந்தால் இந்த ஒப்பந்தம் செல்லாது, குய்சோ கிராமத்தாருக்கு இதனால் பைசா பிரயோஜனமில்லை. அதனால் சேதத்தைப் படம் எடுத்து, விஏஓவிடமும் போலீசிலும் அந்த வாரமே எழுத்தில் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வையுங்கள்.