தட்டை மோந்துவிட்டு நகரும் நாய்க்குட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருமுனை வீட்டில் ஆறு மாத லாப்ரடார் குட்டி ஒன்று வளர்கிறது. போன வாரம் அந்த வீட்டுத் தம்பி சோற்றுத் தட்டும் கையுமாக அதன் பின்னால் மாடிப்படி, கார் அடி என்று சுற்றிக்கொண்டிருந்தார். "சோத்தத் தொடவே மாட்டேங்குதுங்கண்ணா. ஈரல் போட்டாத்தான் வாயத் தொறக்குது" என்றார். ஒன்பது வருடம் முன்பு நான் ஓடிய அதே ஓட்டம்.

சாக்லேட், வேகவைத்த எலும்பு கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தட்டை மாற்றிக்கொண்டே போவது

எங்கள் நாய் கருப்பன், சிப்பிப்பாறை ஜாதி. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், கோழி போட்டுப் பிசைந்த சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். பதறிப்போய் முட்டை உடைத்து ஊற்றினேன். தின்றான். நாலு நாளில் முட்டை சலித்து ஈரலுக்கு வந்தோம், அப்புறம் ஆட்டுக்கால் சூப். கடைசியில் ஊஞ்சலில் உட்கார்ந்து உருண்டை பிடித்து ஊட்டினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி ஊட்டியதில்லை.

ஈரலை அவன் பொறுக்கும் அழகே தனி. முன்பல்லால் துண்டை மட்டும் கவ்வுவான், ஒட்டிவந்த பருக்கையை உதறுவான், மூக்கில் சோறு பட்டால் தும்முவான். தினமும் ஈரல் தின்றதில் கழிச்சல் பிடித்தது. டாக்டர், ஊசி, மூன்று நாள் தயிர்சோறு. ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், தினப்படிக்கு ஆகாது என்று அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவன் வேண்டாம் என்ற ஒவ்வொரு முறையும் நான் அதைவிட ருசியாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். காத்திருந்தால் நல்லது வரும் என்று குட்டி கணக்குப் போட்டுக்கொண்டது. இத்தனைக்கும் அவனுக்குப் பசியே குறைவு. நாலைந்து மாதத்துக்கு மேல் வளரும் வேகம் குறைகிறது, எடைக்குத் தகுந்த தேவையும் குறைகிறது. நாம்தான் பழைய அளவையே வைத்துவிட்டு, நடுவில் பிஸ்கட்டும் போடுகிறோம். இப்படி நடுவில் போடும் தீனி எல்லாம் சேர்ந்து நாளுக்கான சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் துருத்தாமல் இருந்தால் குட்டி நன்றாகத்தான் இருக்கிறது. (சிப்பிப்பாறைக்கு விலா தெரிவது இயல்பு.)

பிறகு செய்தது இதுதான். காலை மாலை இரண்டு வேளை, ஒரே சாப்பாடு. இருபது நிமிஷம் கழித்துச் சட்டியை எடுத்துவிடுவேன். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். முதல் நாள் காலையில் தொடவில்லை, மாலையில் பாதி. மறுநாள் காலையில் சட்டியை நக்கி நக்கிச் சுவர் வரை தள்ளிக்கொண்டு போனான்.

ஆளுக்கொரு சட்டம் போடுவது

இந்த வைத்தியத்தை அதற்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை தொடங்கித் தோற்றிருந்தேன். அம்மா கட்டிலுக்கடியில் தட்டுவடை செட் கொடுத்துக்கொண்டிருந்தது தெரியாமல் நான் சட்டியை எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன்! அதில் வெங்காயம் வேறு. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

நோயைப் பிடிவாதம் என்று நினைப்பது

வாந்தி, ரத்தக் கழிச்சல், சோர்வு இருந்தால் இருபது நிமிஷக் கணக்கெல்லாம் கிடையாது. பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடுங்கள். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் பொமரேனியன் மாதிரிச் சின்ன ஜாதிக் குட்டியையும் பட்டினி போடவே கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். மற்ற குட்டி ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

பல் விழும் பருவத்தை மறப்பது

நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் பால்பல் இருபத்தெட்டும் விழுந்து 42 பல் முளைக்கிறது. ஈறு வலிக்கும். உலர் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள்.

சித்திரை மத்தியானத்தில் சோறு வைப்பது

சேலம் வெயிலில் நமக்கே இறங்காது.

ஏற்காடு கிளம்பும் முன் வயிறு நிறைய வைப்பது

இருபது கொண்டை ஊசி வளைவு.

நேற்றுச் சாயங்காலம் அந்தத் தம்பி மறுபடி வந்தார். "காலைல வச்சதத் தொடலைங்கண்ணா. பாவமா இருக்குது."

"தண்ணி குடிக்குதா? ஓடியாடுதா?"

"என் செருப்பக் கடிச்சுத் துப்பிட்டு இருக்குதுங்க."

"சரி, ராத்திரிக்கும் அதே சோறு வைங்க."