மும்பைல சின்ன யூனிட் வச்சு காதல் படம் எடுக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மாட்டுங்கா, செம்பூர், தாராவி பக்கம் நம்ம பசங்க நிறைய பேர் இப்ப சொந்தமா படம் எடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, அதுல முக்காவாசிப் பேர் மனசுல இருக்கறது அமைதியான ஒரு காதல் கதைதான். சண்டை கிடையாது, டான்ஸ் கிடையாது, ரெண்டு பேரு, ஒரு ரூம், கொஞ்சம் மழை, அதனால செலவு கம்மி, யூனிட்டும் சின்னதா இருந்தா போதும்னு கணக்கு போடறாங்க. முதல் தப்பே அந்தக் கணக்குதான். கமர்ஷியல் படத்துல ஒரு ஷாட் சொதப்பினா பின்னணி இசைய ஏத்தி விட்டு மறைச்சிடலாம். இங்க கேமரா ஒரே முகத்தை ஒரு நிமிஷம் அசையாம பாத்துட்டு நிக்குது, அந்த நேரத்துல யூனிட்ல யார் அசால்ட்டா இருந்திருந்தாலும் அது ஸ்க்ரீன்ல தெரிஞ்சிடும். பாக்கறவங்க லைட் தப்பு, சவுண்டு தப்புன்னெல்லாம் சொல்ல மாட்டாங்க, "இவங்க ரெண்டு பேரும் லவ் பண்ற மாதிரியே தோணலயே"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க.

கேமரா, லென்ஸ் வாடகை எல்லாம் போக மிச்சம் இருந்தா சவுண்டுக்குன்னு ஒதுக்கறது ரொம்பப் பெரிய தப்பு. இந்த மாதிரிப் படத்துல மூச்சு, முனகல், பாதில நிறுத்தின வார்த்தை இதெல்லாம்தான் நடிப்பே, டப்பிங் தியேட்டர்ல உக்காந்து அதைத் திரும்பக் கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். 2013ல வந்த தி லஞ்ச்பாக்ஸ் பாருங்க, மேல் வீட்டு ஆன்ட்டி முகத்தையே காட்ட மாட்டாங்க, பாரதி ஆச்ரேகர் குரல் மட்டும்தான், ஆனா அந்தம்மா நமக்குத் தெரிஞ்சவங்க மாதிரி ஆயிடறாங்க. மும்பைல லொகேஷன் பாக்கப் போறப்ப டைரக்டரும் கேமராமேனும் மட்டும் போயிட்டு, ஜன்னல் வெளிச்சம் சூப்பர்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறாங்க. குர்லா, காட்கோபர் பக்கம்னா தலைக்கு மேல ஃப்ளைட் இறங்கிட்டே இருக்கும், மாட்டுங்காவுல ஒரு பக்கம் சென்ட்ரல் லைன், இன்னொரு பக்கம் வெஸ்டர்ன், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஹார்பர், எந்த மூலைல நின்னாலும் ரயில் சத்தம்தான். சவுண்டு ரெக்கார்டிஸ்ட்டைக் கூட்டிட்டுப் போங்க, எந்த நேரத்துல ஷூட் பண்ணப் போறீங்களோ அதே நேரத்துல போங்க, கண்ணை மூடிக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க. வீட்டுக்குள்ள எடுக்கறப்ப ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணணும், ஆஃப் பண்ணினவர் அவரோட வண்டிச் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளயே வச்சிடணும், அப்பதான் கிளம்பறப்ப மறக்காம ஆன் பண்ணிட்டுப் போவார், வீட்டுக்காரங்க பாலும் கெடாது. ஒவ்வொரு ரூம்லயும் சீன் முடிஞ்சதும் யூனிட் மொத்தமும் அசையாம நின்னு ஒரு நிமிஷம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதப்ப அந்த ரூம்ல கேக்கற சத்தம், ரெக்கார்ட் பண்ணி எடுங்க. பசிக்குது, பேக்கப் பண்ணலாம்னு அதை விட்டுட்டா எடிட்ல ஒவ்வொரு கட்டுலயும் அமைதி வேற வேற மாதிரி கேக்கும்.

கன்டினியூட்டிக்கு, அதாவது ஒரே சீன்ல ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாம பாத்துக்கறதுக்கு, தனியா ஆள் வேண்டாம், அசிஸ்டென்ட் யாராவது பாத்துப்பாங்கன்னு விடறது அடுத்தது. நம்ம ஆளுங்க கதைல ஹீரோயின் தலைல பூ இல்லாம இருக்காது, அதனால மல்லிப் பூவை வச்சே சொல்றேன். காலைல மாட்டுங்கா பூக்கடைல வாங்கறப்ப அது மொட்டு, கெட்டியா வெள்ளையா இருக்கும். ஒன்பது மணிக்கு வைடு ஷாட் எடுப்பீங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஹீரோ க்ளோசப், சாயந்திரம்தான் ஹீரோயின் முகத்துக்கு வருவீங்க, அதுக்குள்ள லைட்டு சூட்டுல பூ முழுசா விரிஞ்சு ஓரம் பழுப்பாயிருக்கும். படத்துல அது மூணு நிமிஷப் பேச்சு, ஆனா கட்டுக்குக் கட்டு பூ விரியுது, வாடுது, திரும்ப மொட்டாகுது. அவ கண்ணைப் பாக்க வேண்டியவங்க பூவைப் பாத்துட்டு இருப்பாங்க. பூக்காரம்மாகிட்ட முன்னாடியே சொல்லி ஒரே நீளத்துல நாலஞ்சு சரம் கட்டி வாங்குங்க, ஈரத்துணில சுத்தி ஐஸ் பாக்ஸ்ல வைங்க, பின்னல்ல எந்தப் பக்கம் தொங்குது, எத்தனை மடிப்புன்னு ஒவ்வொரு டேக்குக்கும் ஃபோட்டோ எடுத்து வைங்க. முடிஞ்சா ஹீரோயின் க்ளோசப்பை முதல்ல எடுங்க, பூவுக்கு மட்டும் இல்ல, அவங்க மனசு ஃப்ரெஷ்ஷா இருக்கறதும் அப்பதான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா நிறைய ஃபுட்டேஜ் போறது இதுலதான். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், படம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், சாதாரண வீட்டு ட்யூப்லைட், மலிவான எல்ஈடி பல்பு வெளிச்சத்துல எடுத்தா ஃப்ளிக்கர், அதாவது படத்துல வெளிச்சம் துடிக்கறது, வர வாய்ப்பு இருக்கு. ஷட்டரை 172.8 டிகிரில வச்சா சரியா ஐம்பதுல ஒரு செகண்ட் வரும், முக்காவாசி பிரச்னை தீந்துடும். அப்பவும் டெஸ்ட் எடுத்து பெரிய மானிட்டர்ல பாத்துடுங்க.

நெருக்கமான சீன் பத்திக் கொஞ்சம் நிதானமா பேசணும். "இயல்பா வரட்டும், முன்னாடியே சொன்னா செயற்கையா ஆயிடும்"னு சொல்லி நடிகைகிட்ட முழுசா சொல்லாம கேமராவை ஓட விடற டைரக்டர்கள் இன்னும் இருக்காங்க. அது கலையே கிடையாது, ஒருத்தங்க நம்பி வந்ததை ஏமாத்தறது. கை எங்க படும், எங்க படக்கூடாது, எவ்வளவு நேரம், என்ன டிரெஸ், எடிட்ல எது வரும், ட்ரெய்லர்ல, போஸ்டர்ல எது வரக்கூடாது, எல்லாத்தையும் எழுதி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட பிறகு டான்ஸ் ஸ்டெப் மாதிரி ரிகர்சல் பண்ணணும். 2022ல வந்த கெஹ்ராயியா படத்துல இதுக்குன்னே இன்டிமசி டைரக்டரா தார் காய் வேலை பாத்தாங்க, அதனால இங்க யாரும் இதைக் கேள்விப்படலன்னு சொல்ல முடியாது. அந்த மாதிரி ஆளை வைக்க பட்ஜெட் இல்லன்னாலும் செட்டை க்ளோஸ் பண்ண காசு வேண்டாம். தேவையான நாலு பேர் தவிர எல்லாரும் வெளிய, மத்த மானிட்டர் எல்லாம் ஆஃப், செல்போன் ஒரு பைக்குள்ள, கட் சொன்ன உடனே துண்டோட நிக்க ஒரு பெண் உதவியாளர். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பாலியல் தொல்லை பத்திப் புகார் சொல்ல உள்புகார் குழு இருக்கணும்னு 2013 சட்டமே சொல்லுது, யார்கிட்ட போய்ச் சொல்லணும்ங்கறது யூனிட்டுக்கு தினமும் குடுக்கற கால்ஷீட் பேப்பர்லயே இருக்கட்டும். பயம் இல்லாத நடிகையோட முகத்துலதான் நீங்க தேடற அந்த இயல்பு வரும்.

"ஹாங்காங் டைரக்டர் வாங் கார்-வாய் ஸ்க்ரிப்ட் இல்லாமதானே எடுத்தார்"னு ஒரு வசனம் எல்லா யூனிட்லயும் கேக்கும். அவரோட இன் த மூட் ஃபார் லவ் 2000ல வந்தது, ஒரு வருஷத்துக்கு மேல இழுத்த ஷூட்டிங், நடுவுல கேமராமேன் கிறிஸ்டோஃபர் டாயில் போய் மார்க் லீ பிங்-பின் கேமராவுக்கு வந்தார், ஹாங்காங் தெருவுக்கு பாங்காக்ல எடுத்தாங்க. எல்லாம் உண்மைதான். ஆனா ஆர்ட், காஸ்ட்யூம், எடிட்டிங் மூணும் வில்லியம் சாங் ஒருத்தர் கைல இருந்துச்சு, யார் மாறினாலும் படத்தோட நிறமும் நடையும் மாறாததுக்கு அவர் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன். நடிகர் டேட்டும் அப்படி ஒரு ஆளும் இல்லாம ஸ்பாட்ல எழுதிக்கலாம்னு போனா ராத்திரி பத்து மணிக்கு லைட் தாதா, ஸ்பாட் தாதா (மும்பை யூனிட்ல லைட் ஆளுங்களையும் ஸ்பாட் பாய்களையும் இப்படித்தான் மரியாதையா கூப்பிடுவாங்க) எல்லாரும் ஷிஃப்ட் முடிஞ்சு உக்காந்திருப்பாங்க, நீங்க பேப்பரும் பேனாவுமா நிப்பீங்க.

மழையை நம்பி ஜூன், ஜூலைல ஷெட்யூல் போடறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், நிஜ மழை பின்னாடி இருந்து லைட் அடிச்சாதான் கேமராவுல தெரியும், இல்லன்னா நனைஞ்ச ரோடு மட்டும்தான் தெரியும். ரயில்வே ஸ்டேஷன் சீனுக்கு பர்மிஷன் இல்லாம போய் நிக்காதீங்க. தாதர்ல ரெண்டு லைன் இருக்கு, வெஸ்டர்ன் பக்கம்னா சர்ச்கேட், சென்ட்ரல் பக்கம்னா சிஎஸ்எம்டி, ரெண்டும் தனித்தனி ரயில்வே. ஞாயித்துக்கிழமை கூட்டம் கம்மின்னு ப்ளான் பண்றதுக்கு முன்னாடி மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தறது, மாத்தி விடறது, இருக்கான்னு பாருங்க.

அப்புறம் பாட்டு. எடிட் பண்றப்ப தற்காலிகமா இருக்கட்டும்னு ஒரு இளையராஜா பாட்டைப் போட்டுடறாங்க, ரேடியோல ஓடுற மாதிரி. ரெண்டு மாசம் அதோடயே பாத்துப் பாத்து சீனோட நடையே அந்தப் பாட்டுக்கு ஒட்டிப் போயிடும், அதுக்கப்புறம் எந்த மியூசிக் டைரக்டர் எதைக் குடுத்தாலும் பிடிக்காது. பழைய பாட்டு வேணும்னா ஸ்க்ரிப்ட் நேரத்துலயே பேசுங்க. பாட்டோட வரி, மெட்டுக்கு ஒரு உரிமை, ரெக்கார்டிங்குக்கு தனி உரிமை, ரெண்டும் வாங்கணும். வாங்கற பேப்பர்ல ஃபெஸ்டிவல் மட்டும்னு போட்டிருக்கா, தியேட்டர், ஓடிடி, வெளிநாடு எல்லாம் சேர்ந்திருக்கா, எத்தனை வருஷத்துக்குன்னு வக்கீலை வச்சுப் படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.