திருச்சபைச் சட்டத்தின் பழைய அச்சு நூல்கள்: வாங்குமுன் தாள் எண்ணுங்கள்

இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்ட நூல்களைச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் கற்க வேண்டிய கலை தாள் எண்ணுவது. இவை அலமாரியில் சும்மா கிடந்த நூல்கள் இல்லை. மாணவரும் வழக்கறிஞரும் தலைமுறை தலைமுறையாகப் புரட்டியவை. அதனால் தாள் போனதும், வேறு பிரதியிலிருந்து ஒட்டுப்போட்டதும் ஏராளம்.

எதைத் தேடுவது? 1140 வாக்கில் போலோஞ்ஞாவில் கிராசியன் தொகுத்த 'தெக்ரேத்தும்', திருத்தந்தை 9ஆம் கிரகோரி 1234இல் வெளியிட்ட ஆணைத் தொகுப்பு, 8ஆம் போனிபாஸ் 1298இல் தந்த 'ஆறாம் நூல்', 5ஆம் கிளமெந்தின் ஆணைகளைக் கொண்டு 1317இல் வந்த 'கிளமெந்தீனே' ஆகியவையே அடித்தளம். பெரும்பாலான பழைய பதிப்புகளில் மூலம் நடுவிலும் உரை சுற்றிலும் இருக்கும். மைன்ஸ் நகரில் ஃபுஸ்டும் ஷோஃபரும் 1460இல் அச்சிட்ட கிளமெந்தீனேயும், ஸ்ட்ராஸ்பூர்க்கில் எக்கெஸ்டைன் 1471இல் அச்சிட்ட தெக்ரேத்துமும் பெரிய நூலகங்களுக்கான சரக்கு. தனி ஆள் 16ஆம் நூற்றாண்டு லியோன், வெனிஸ் பதிப்புகளில் தொடங்குவதே சரி. மூன்று தொகுதிகளாக விற்ற நூல் பிரிந்து கிடப்பது வழக்கம்; ஒற்றைத் தொகுதி மலிவாகவே கிடைக்கும். 1582இல் ரோமில் திருத்திய அதிகாரப்பூர்வப் பதிப்பு வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில்தான் இடைக்கால வாசகர்கள் படித்த, திருத்தப்படாத மூல வாசகம் இருக்கிறது. எங்கள் கணிப்பில் பணத்தை அங்கே போடுவதே நல்லது.

1501க்கு முந்தைய நூலின் முன்பக்கத்தில் பெரும்பாலும் ஊரோ ஆண்டோ இருக்காது. கடைசிப் பக்கங்களுக்குப் போய் ஊர், அச்சகர், ரோமன் எண்ணில் ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஎஸ்டிசி (ISTC), பெர்லினின் ஜிடபிள்யூ (GW) ஆகிய, 15ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களுக்கான இணையப் பட்டியல்களில் அந்தப் பதிப்பைத் தேடுங்கள். 16ஆம் நூற்றாண்டு நூலென்றால் யுஎஸ்டிசி (USTC) பட்டியல். அக்கால இத்தாலியப் பதிப்புக்கு எடிட்16 (EDIT16) பட்டியல். முழுப் பிரதிக்கு எத்தனை தாள், ஒவ்வொரு பாரத்திலும் (சேர்த்து மடித்துத் தைத்த தாள்கட்டு) எத்தனை என்ற விவரம் இவற்றிலோ, இவை சுட்டும் நூலகப் பட்டியல்களிலோ கிடைக்கும்.

இனி எண்ணும் வேலை. பத்துத் தாள் பாரமென்றால் முதல் ஐந்து தாள்களின் அடியில் மட்டும் a1, a2 என்று குறி இருக்கும். மீதி ஐந்தும் அவற்றோடு ஒரே தாளாக இருந்து நடுவில் மடித்த மறுபாதி. a1இன் மறுபாதி a10. ஒன்று போனால் மற்றது தையலில் பிடிப்பின்றி ஆடும், அல்லது பசையில் நிற்கும். தாள் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: அக்கால அச்சுக்கோப்பவர்கள் எண்ணைத் தவறவிட்டதும் இருமுறை போட்டதும் சகஜம். பாரக்குறியும் வாசகத் தொடர்ச்சியும்தான் சான்று. முன்னும் பின்னும் வெற்றுத் தாள் இல்லாவிட்டால் விலை சற்றுக் குறையும், நூல் குறைபட்டதாகாது. பெரிய எழுத்துக்கு விட்ட இடம் காலியாக, நடுவில் ஒரு குட்டி எழுத்து மட்டும் நின்றால் அதுவும் குறையில்லை. கையால் வண்ணம் தீட்ட விட்ட இடம் அது.

அடுத்து உறவுமுறை மரங்கள். 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் மணத்தடையை ஏழாம் தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. யாரை மணக்கலாகாது என்று காட்ட, இரத்த உறவுக்கும் மணவழி உறவுக்கும் முழுப் பக்க மரப் படங்களைப் பல பதிப்புகளில் சேர்த்தார்கள். தனிப் படமாக விற்கவென்றே இவற்றை வெட்டி எடுத்திருப்பார்கள். விற்பவரிடம் இந்தப் பக்கங்களின் புகைப்படத்தைத் தனியே கேளுங்கள்.

ஒட்டுப்போட்ட தாளைப் பிடிக்கப் பூச்சித் துளையே நல்ல சாட்சி. ஒரு துளை 40ஆம் தாளிலிருந்து 47 வரை சிறிது சிறிதாக நகர்ந்து போகும். நடுவே 44இல் மட்டும் துளை இல்லையென்றால், அடைத்து மறைத்திருக்கிறார்கள், இல்லையேல் அந்தத் தாள் வெளியிலிருந்து வந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கம்பிக் கோட்டின் (தாள் செய்த சல்லடைக் கம்பி விட்ட தடம்) இடைவெளியையும் நீர்க்குறியையும் பக்கத்துத் தாள்களோடு ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஈய எழுத்து அழுத்திய பள்ளம் தெரியும். நகலெடுத்த தாள் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். கழுவி வெளுத்த தாளில் ஓரக் குறிப்புகள் மங்கியிருக்கும். அந்தக் குறிப்புகளே பிரதியின் உயிர், அவை அழிந்த 'சுத்தமான' பிரதிக்குக் கூடுதல் விலை தராதீர்கள்.

நூலக முத்திரை இருந்தாலே திருட்டு என்றில்லை. பவேரிய மடங்கள் 1803இல் கலைக்கப்பட்டபின் மியூனிக் நூலகம் மிகுதிப் பிரதிகளை முறைப்படி விற்றது. அவற்றில் அதற்கான முத்திரை காணப்படும். ஆனால் சுரண்டியோ, மேலே தாள் ஒட்டியோ முத்திரையை மறைத்திருந்தால் விலகிவிடுங்கள். நேப்பிள்ஸின் ஜிரோலாமினி நூலகத் திருட்டு 2012இல் வெளிப்பட்டதிலிருந்து, வந்த வழி தெரியாத இத்தாலியப் பிரதிகளை நல்ல வணிகர்கள் தொடுவதில்லை. பன்னாட்டுப் பழநூல் வணிகர் சங்கமான ஐஎல்ஏபியின் களவுநூல் பட்டியலைப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வருவதென்றால் ஏற்றுமதி அனுமதியைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். ஏலத்தில் விலைக்கு மேல் கமிஷன் உண்டு. பிறகு வரி, அனுப்பும் செலவு. தாள் குறைந்தால் திருப்பலாமா என்று விதிகளில் படித்துவிட்டே கை தூக்குங்கள்.

பெரிய ஃபோலியோவை (முழுத்தாளை ஒருமுறை மட்டும் மடித்த பெரிய அளவு நூல்) படுக்கவைத்து வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், வெப்பம் 20 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. முக்கியம், இரண்டும் ஏறி இறங்கக்கூடாது. கடலோர ஊரில் பகலில் மட்டும் ஏசி ஓடும் அறை, ஏசியே இல்லாத காற்றோட்டமான அறையைவிடக் கெடுதல்: மரப்பலகை அட்டை வளையும், தோல் வெடிக்கும். கையுறை வேண்டாம், கழுவி உலர்த்திய கை போதும். அட்டையை 120 டிகிரிக்கு மேல் விரிக்காமல் இருபுறமும் நுரைத் திண்டு வைத்துத் திறங்கள்.