முள்ளெலிக் காளானை அடையாளம் காண்பது எப்படி? அடியிலிருந்து தொடங்குங்கள்

காளானைக் கண்டதும் கண் போவது தொப்பியின் நிறத்துக்குத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு பகல் முழுக்கக் காட்டில் குனிந்து குனிந்து படமெடுத்துவிட்டு, வீட்டில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் 26 படத்திலும் வெறும் வெளிர் ஆரஞ்சுத் தொப்பிகள். சாந்தரெல் என்ற ஆரஞ்சுமஞ்சள் காளானா, முள்ளெலிக் காளானா, வேறேதுமா என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஒரு படத்திலாவது அடிப்பக்கம் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

நாம் தேடும் முள்ளெலிக் காளானின் அறிவியல் பெயர் ஹைட்னம் ரெபாண்டம். 1753இல் ஸ்வீடன் அறிவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். 'ரெபாண்டம்' என்றால் பின்னோக்கி வளைந்தது. தொப்பியின் விளிம்பு அலை அலையாக நெளிந்திருப்பதால் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதைச் செம்மறியாட்டின் பாதம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் முள்ளெலியின் பெயர். தமிழில் புழங்கும் பெயர் எதுவும் என் காதில் விழுந்ததில்லை, அதனால் முள்ளெலிக் காளான் என்றே எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, கூரான கத்தி, அளவுகோல், காகிதப் பை. பிளாஸ்டிக் பை வேண்டாம், காளான் உள்ளேயே வியர்த்துக் கூழாகிவிடும். வீட்டில் ஒரு தாளில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை ஒட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: எதன் மேல் முளைத்திருக்கிறது?

முள்ளெலிக் காளான் மண்ணில் வளர்வது. ஐரோப்பாவில் பீச், ஓக், ஸ்ப்ரூஸ், பைன் மரங்களின் அடியில், கோடை கடைசி முதல் இலையுதிர்காலம் முடியும்வரை கிடைக்கும். மரத்தின் வேர்நுனியோடு அதன் இழைகள் பின்னிக்கொண்டு, மரத்துக்கு நீரும் தாது உப்பும் கொடுத்து, சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மைக்கோரைசா என்று பெயர். சிப்பிக் காளான் போல வைக்கோலில் வளர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், உயிருள்ள மரம் இல்லாமல் அது வராது.

மரத்தண்டிலிருந்து வெள்ளைத் தாடி போலத் தொங்கினால் அது வேறு ஆள்: சிங்கப்பிடரிக் காளான். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அதைப் பறிப்பதே குற்றம். எந்தக் காடாக இருந்தாலும் கத்தியை எடுக்கும் முன் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பிடுங்காமல் அடியைப் பாருங்கள்

கண்ணாடியைத் தொப்பிக்குக் கீழே மெல்ல நுழைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். தாள்களை அடுக்கியது போல ஏடு ஏடாகத் தெரிந்தால் நாம் தேடுவது அதுவல்ல. சாந்தரெல்லில் தண்டுவரை ஓடும் மழுங்கிய மடிப்புகள் தெரியும். முள்ளெலியில் இரண்டுமே இல்லை; கீழ்நோக்கி நெருக்கமாகத் தொங்கும் மென்மையான ஊசிகள் மட்டும். நீளம் 2 முதல் 7 மில்லிமீட்டர், நிறம் ஏறக்குறைய தொப்பியின் நிறமேதான். முதல் தடவை கண்ணாடியில் இதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சத்தமாகச் சிரித்துவிடுகிறார்கள். மேலே அவ்வளவு சாதுவாக இருப்பதன் அடியில் இப்படியா என்று.

படி 3: விரலால் தேயுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி. கட்டைவிரலால் ஊசிகள் மேல் லேசாக ஒரு இழு இழுங்கள். ஊறிப்போன சுவரில் சுண்ணாம்பு உதிர்வது போலப் பொலபொலவென்று கொட்டும். விரல் போன தடம் மொழுமொழுவென்று தெரியும். வளையாது, ஒடியும்.

அப்படியே ஊசிகள் எங்கே முடிகின்றன என்றும் பாருங்கள். ரெபாண்டத்தில் அவை தண்டின் மேல் கொஞ்சம் இறங்கி வரும். தண்டுக்கு முன்பே சட்டென்று நின்று, காளானும் சிறியதாக, நிறமும் அழுத்தமான ஆரஞ்சாக இருந்தால் அது ரூஃபெசென்ஸ் என்ற உறவுக்காரராக இருக்கலாம். மரபணு ஆய்வுகள் வந்தபின் இந்தக் குடும்பம் பல இனங்களாகப் பிரிந்துவிட்டது. புதியவர்கள் 'ஹைட்னம்' என்று குறித்துக்கொண்டாலே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 4: நெடுக்காக வெட்டுங்கள்

உள்ளே சதை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். வெட்டின இடம் மெதுவாக மஞ்சள், பிறகு ஆரஞ்சு பழுப்பாகும். அவசரப்படாமல் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். தண்டு பெரும்பாலும் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாகத் தள்ளியிருக்கும்.

படி 5: வித்துத்தூளை இறக்குங்கள்

வித்துத்தூள் என்பது காளான் இனம்பெருக்க உதிர்க்கும் நுண்ணிய தூள். தண்டை நீக்கி, ஊசிகள் கீழே படும்படி தொப்பியைக் கறுப்பு வெள்ளைத் தாளின் எல்லைக்கோட்டில் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். இடையில் தூக்கிப் பார்க்கக் கூடாது (பார்ப்பீர்கள், நானும் பார்த்தேன், தூள் கலைந்து எல்லாம் பாழானது). ஏடுள்ள காளான் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கோடு போடும். இது புள்ளி புள்ளியாகத்தான் விழும். கறுப்புப் பக்கத்தில் வெளிர் கிரீம் நிறம் தெளிவாகத் தெரியும், வெள்ளைப் பக்கத்தில் தேட வேண்டியிருக்கும்.

தூள் பழுப்பாக இருந்தால் நின்று யோசியுங்கள். சார்கோடான், ஹைட்னெல்லம் வகைகளுக்கும் அடியில் ஊசிகள் உண்டு, ஆனால் தூள் பழுப்பு. சார்கோடானின் தொப்பியில் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் இருக்கும். ஹைட்னெல்லம் தோல் போலக் கடினமானது. வளரும்போது வழியில் கிடக்கும் பைன் இலைகளையும் சுள்ளிகளையும் விலக்காமல் தனக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு வளரும். அதில் பெக்கி என்ற இனம் இளசாக இருக்கையில் ரத்தத் துளி போலச் சிவப்பு நீரைக் கசியவிடும். ஊசிகள் ஒன்றுபோல இருந்தாலும் இவையெல்லாம் முள்ளெலிக்கு நெருங்கிய சொந்தமில்லை. முள்ளெலியின் உண்மையான உறவு, ஊசியே இல்லாத சாந்தரெல்தான்!

சாப்பிடலாமா என்ற கேள்வி வரும். ஐரோப்பாவில் விரும்பி உண்ணும் காளான்தான். ஆனால் ஒரு பதிவைப் படித்துவிட்டு எதையும் வாயில் போடாதீர்கள். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் காளானையே கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

வெளிர் தூளை மட்டும் நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். ஊசி இருந்தது, தூள் வெள்ளை, சரி முள்ளெலிதான் என்று எழுதியும் வைத்தாயிற்று. விரலால் தேய்க்கும் படியைச் சோம்பலில் விட்டுவிட்டேன். சில நாள் கழித்து, காய்ந்துபோன அதைப் பையிலிருந்து எடுத்தபோது அறை முழுக்க வெந்தய வாசனை. தொட்டுப் பார்த்தால் செருப்புத் தோல் போல விறைப்பு. அது பெல்லோடான் என்ற வேறொரு ஊசிக் காளான். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'வெந்தயம்' என்று குறித்தேன்.