மணிக்கட்டில் அடி: சுளுக்கு என்று விட்டுவிடலாமா?

கபடியில் மடக்கும்போதும், பவுண்டரி ஓரம் பந்துக்குப் பாயும்போதும், சைக்கிள் சரியும்போதும் கை தானாக விரிந்து தரையில் ஊன்றும். உடம்பின் எடை மொத்தமும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கும். அப்படி விழுந்த கை வலித்தால், வீக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். "விரல் அசையுது, எலும்பு ஒண்ணும் ஆகலை" என்பது மைதானத்தில் எப்போதும் கேட்கிற பேச்சு. அது தப்பு. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தாலும் விரல் அசையும்.

மணிக்கட்டு கோணியிருந்தால், எலும்பு தோலைக் கிழித்திருந்தால், விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லென்று இருந்தால், மரத்துப்போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்க நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் ஏறக்குறைய 2 நொடியில் மறுபடி சிவக்க வேண்டும். கோணிய கையை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். ஒரு அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ அடியில் கொடுத்து, இருக்கிற நிலையிலேயே துணியால் கட்டி, துண்டில் தூளியாகத் தொங்கவிட்டுக் கூட்டிப்போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் வழியில் டீ, பன் வாங்கித் தர வேண்டாம்.

எந்த அடியானாலும் முதல் வேலை மோதிரம், வளையல், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றுவது. வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிறகு ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வைக்கலாம். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள்.

கோணல் இல்லை, வீக்கமும் சுமார்தான் என்றால் அடுத்து இதைச் செய்து பாருங்கள். அடிபட்ட கையின் கட்டை விரலை விரித்து மேல்நோக்கி நீட்டுங்கள். விரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக இரண்டு தசைநாண்கள் கயிறு போலப் புடைக்கும். நடுவே ஒரு சின்னக் குழி விழும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்து உறிஞ்சும் குழி அது. ஆள்காட்டி விரல் நுனியால் அதை அழுத்துங்கள். நல்ல கையிலும் அதே அளவு அழுத்துங்கள், ஏனென்றால் அந்த இடம் சாதாரணமாகவே கொஞ்சம் கூசும். அடிபட்ட கையில் மட்டும் சுரீரென்று வலித்தால், குழிக்கு அடியில் இருக்கும் ஸ்கேபாய்டு என்ற சிறு எலும்பு உடைந்திருக்கலாம். கட்டை விரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி மெதுவாகத் தள்ளும்போதும் வலித்தால் சந்தேகம் இன்னும் கூடும். அன்றே, தவறினால் மறுநாள், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்கேபாய்டு முந்திரிக்கொட்டை அளவு எலும்பு, படகு போல வளைந்தது. மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் அதிகம் உடைவது இதுதான். இதற்கான ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவே உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறைந்து, அது ஒட்டாமலே போகலாம், செத்தும் போகலாம். சில வருடங்களில் மூட்டு தேய்ந்து, கை ஊன்றி எழுவதே கஷ்டமாகிவிடும். ஆரம்பத்திலேயே பிடித்தால், எலும்பு விலகாத பல முறிவுகளுக்கு 8 முதல் 12 வாரம் மாவுக்கட்டு போதும்.

சிக்கல் என்னவென்றால், முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்ரே கிளியர்" என்றதும் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறே பந்து போடப் போகிறவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். குழியில் வலி இருந்தால், ஸ்கேபாய்டுக்கென்று எடுக்கும் கோணங்களிலும் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள். போட்ட கட்டைக் கழற்றாமல் வைத்திருந்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுத்தால் முன்னதாகவே தெரிந்துவிடும்.

சுண்டுவிரல் பக்கம் வலித்தால் கதை வேறு. பூட்டைத் திறக்கும்போதும், நாற்காலிக் கையை ஊன்றி எழும்போதும் குத்தினால் அங்குள்ள குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். மட்டையோ ராக்கெட்டோ பிடிக்கிறவருக்கு உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் ஓரமாக வலித்தால் அங்கே கொக்கி போன்ற ஒரு எலும்பு முறிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அதுவும் நழுவிவிடும்.

வளரும் பிள்ளைகளுக்குக் குருத்துத் தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் இடம், தசைநாரைவிட பலவீனமானது. அதனால் எலும்பின் மேல் அழுத்தி வலித்தால் சுளுக்கு என்று வைத்துக்கொள்ளாமல் படம் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் போட்டு நீவுவதும் சுளுக்கு எடுப்பதும் விலகாத முறிவையும் விலக்கிவிடும். மூங்கில் தப்பை வைத்தோ வேறு எப்படியோ இறுக்கிக் கட்டிய பின் வலி ஏறிக்கொண்டே போனால், மடங்கிய விரலை இன்னொருவர் நீட்டும்போது தாங்க முடியாமல் வலித்தால், கட்டை உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாவுக்கட்டானாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் 2, 3 நாள் பார்க்கலாம். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாவிட்டாலோ, ஈரத்துணியைப் பிழிய முடியாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு சோதித்துப் பார்க்காதீர்கள். மாத்திரை வேகத்தில் குழி வலி தெரியாமல் போகும்.