பாத்டப் இல்லாமல் எப்சம் உப்பைப் பயன்படுத்துவது எப்படி?

எப்சம் உப்பு என்றாலே குளியல் தொட்டியில் படுத்திருக்கும் படம்தான் பலருக்கு நினைவு வரும். வீட்டில் தொட்டி இல்லையென்றால் அந்த யோசனையையே விட்டுவிடுகிறார்கள். ஆனால் நமக்கு வலிப்பது பெரும்பாலும் ஏதாவது ஓர் இடத்தில்தான். குதிகாலோ தோள்பட்டையோ, அந்த இடத்துக்கு ஒரு பேசினும் ஒரு துணியும் போதும்.

இது மெக்னீசியம் சல்பேட். சமையல் உப்பு வேறு, இது வேறு. செடிகளுக்கு உரமாகவும் இதையே விற்கிறார்கள். அதனால் வாங்கும்போது மருந்துத் தரம் என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். வாசனையும் நிறமும் சேர்க்காததே தோலுக்கு நல்லது.

தோல் வழியாக மெக்னீசியம் உடம்புக்குள் நிறைய இறங்கும் என்று சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சுகம் தருவதில் பெரும்பங்கு வெந்நீருக்குத்தான் என்று நினைக்கிறேன். சூடு பட்டதும் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும். அதனால் உப்பை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை, நீரின் சூட்டைச் சரியாக வைத்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நீரிழிவு இருப்பவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கால் ஊறவைக்க வேண்டாம். சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடலாம், பிறகு அது ஆறாத புண்ணாகிவிடும். திறந்த காயம், தீக்காயம், சீழ் வைத்த இடம் எதிலும் இதைப் போடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கால் ஊறவைத்தல்

முதல் முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

1. இரண்டு பாதமும் தட்டையாகப் பதியும் அளவுக்கு அகலமான பேசினைத் தரையில் வையுங்கள். அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்தால் வழுக்காது.
2. அரை கப் உப்பை ஒரு பாத்திரத்தில் போட்டு, அது மூழ்கும்படி சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சூட்டில் சீக்கிரம் கரையும். கரையாத கற்கள் பாதத்தில் உறுத்தும்.
3. பேசினில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு, நான்கைந்து லிட்டர், வெதுவெதுப்பான நீர் எடுத்து இந்தக் கரைசலைச் சேருங்கள்.
4. முழங்கையை நனைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று சுடக் கூடாது. 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் சரியான சூடு.
5. 15 முதல் 20 நிமிடம் போதும். நீர் ஆறினால் காலை வெளியே எடுத்துவிட்டு வெந்நீர் சேருங்கள். கால் உள்ளே இருக்கும்போது ஊற்றாதீர்கள்.
6. நல்ல தண்ணீரில் அலசி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். உடனே மாய்ஸ்சரைசர் தடவுங்கள், இல்லையென்றால் தோல் வறண்டு இழுக்கும். விரலிடுக்கில் மட்டும் தடவ வேண்டாம்.

குதிகால் தடித்திருந்தால், ஊறிய உடனேயே கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். தோல் அப்போது மென்மையாக இருக்கும்.

துணி ஒத்தடம்

கழுத்து, தோள், முதுகு, முழங்கால் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. ஒரு கப் சூடான நீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, வலிக்கும் இடத்தில் போடுங்கள். மேலே உலர்ந்த துண்டு ஒன்றைப் போர்த்தினால் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். ஆற ஆற மறுபடி நனைத்து, மொத்தம் 15 நிமிடம். அப்புறம் கழுவிவிடுங்கள்.

சுளுக்கிய உடனே இதைச் செய்யாதீர்கள். முதல் இரண்டு நாள் வீங்கும் நேரம், அப்போது குளிர்ந்த ஒத்தடம்தான் சரி. வீக்கம் அடங்கிய பிறகு சூட்டுக்கு வரலாம்.

பக்கெட் குளியல், ஸ்க்ரப்

குளித்து முடித்த பின் ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீரில் அரை கப் கரைத்து, கழுத்துக்குக் கீழே மெதுவாக ஊற்றிக்கொள்ளலாம். சில நிமிடம் கழித்து நல்ல தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். ஊறவைப்பதற்கு இது ஈடாகாது.

முழங்கை, முட்டி போன்ற கரடான இடங்களுக்கு, பொடி உப்பில் கொஞ்சம் எண்ணெய் குழைத்து வட்டமாகத் தேய்த்துக் கழுவலாம். முகத்துக்கும், புதிதாகச் சவரம் செய்த இடத்துக்கும் கூடாது. எண்ணெய் சிந்தினால் தரை வழுக்கும், உடனே கழுவிவிடுங்கள்.

முதல் முறை என்றால் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் கரைசலைத் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வாரம் இரண்டு மூன்று முறை செய்யலாம். மீதி உப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். இதைச் சாப்பிட்டால் பேதியாகும், அளவு மீறினால் ஆபத்து. அதனால் சமையலறை அலமாரியில் வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.